இயல்பு அளவு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்த்தாப்பில்
இரண்டு மெடிக்கலுக்கும் ஒரு பழக்கடைக்கும் நடுவே
ஆசீர் அண்ணன் லேப்.
லீவு முடியும்வரை மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்கு
ரத்தக் குப்பிகளில் பெயர் எழுதி ஒட்டுகிறேன்.
முப்பிடாதி என்று பெயர் போட்ட தாள்
என் பையில் நாலாக மடிந்து கிடக்கிறது.

உயிரியல் நூற்று எண்பத்திரண்டு.
பாதியாக்கினால் தொண்ணூற்றொன்று.
இயற்பியல் நூற்று அறுபத்துமூன்று.
வேதியியல் நூற்று ஐம்பத்தெட்டு.
இரண்டையும் நாலால் வகுத்து அதோடு கூட்ட வேண்டும்.
பஸ் டிக்கெட்டின் முதுகில் கூட்டினேன்,
சிரிஞ்சு அட்டையில் கூட்டினேன்,
சமாதானபுரத்தில் கரண்ட் போன ராத்திரி
பாயில் விரலால் கூட்டினேன்.
நூற்று எழுபத்தொன்றேகால்.
எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும்
அந்தக் கால்
பாவாடையில் ஒட்டிய நாயுருவியாகக் கூடவே வருகிறது.

ஹைருனுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டரை.
வீட்டுக்கே போய்க் கைகொடுத்தேன்.
அவள் உம்மா தந்த ரோஸ்மில்க்கை மிச்சம் வைக்கவில்லை.
பொறாமை இல்லையென்று காட்டத்
தம்ளரைக் கவிழ்த்துக்கூடக் காட்டியிருப்பேன்.

அம்மை கேட்டாள்: "நூத்துக்கா?"
"இருநூத்துக்கு."
"அப்பம் நல்ல மார்க்குதான."

இயற்பியல் சார் ஆகஸ்டில்
சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகிப் போனார்.
அடுத்தவர் வந்தது பொங்கல் கழித்து.
விண்ணப்பத்தில் அதைச் சொல்லக் கட்டம் இல்லை.
இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது,
வேதியியலுக்கு வருஷம் பூரா டீச்சர் இருந்தார்கள்.
துத்தநாகத்தை அம்மோனியம் என்று எழுதியது
நான்தான்.

லேப் ரிப்போர்ட்டில் மூன்று பத்தி.
என்ன பார்த்தோம், எவ்வளவு இருக்கிறது,
எவ்வளவு இருக்கலாம்.
அந்த மூன்றாவது பத்தியை
வேலையில்லாத நேரமெல்லாம் வாசிப்பேன்.
சர்க்கரைக்கு எழுபதிலிருந்து நூற்றுப்பத்து.
உட்கார்ந்து எழும்ப
ரத்தத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

நேற்று மானூரிலிருந்து ஒருவர்.
வேட்டி நுனியில் உளுந்துத் தூசி.
ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"ஏ பிள்ள, இது கூடுனா நல்லதா, கொறஞ்சா நல்லதா?"
"நடுவுல இருந்தா நல்லது" என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்தில் ஆசீர் அண்ணன்
சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டிருந்தார்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் நட்சத்திரம்
வேறு ஆட்களுக்குப் போடுவார்கள்.

"சாப்ட்ட பொறவு இன்னொருதரம் ரத்தம் குடுக்கணும் அண்ணாச்சி.
இட்லி தின்னுட்டு வாங்க."
"எத்தன?"
"எப்பவும் எத்தன திம்பீங்க?"
ஒரு கணம் யோசித்தார். "ஒம்பது."
"ஒம்பதே தின்னுட்டு வாங்க.
மார்க்குக்காகக் கொறைக்காதீங்க."
சிரித்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பி,
"டாக்டரம்மா ஆகப் போறியோ?" என்றார்.
பேனா மூடியைத் தேடுகிறாப்போல்
மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.
மூடி பேனாவில்தான் இருந்தது.

இன்று காலை, ஒன்பது மணிக்கே கத்திரி வெயில்.
கீழ்ப்பாக்கம், சென்னை என்று எழுதிய உறையைத்
தபாலாபீஸ் தராசில் வைத்தார்கள்.
உள்ளே ஜாதிச் சான்று, மார்க் ஷீட் நகல், டிடி,
கண்ணை அகல விழித்த என் போட்டோ.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி
நாற்பத்தாறு கிராமில் நின்றன.
"கூடவா சார், கொறயவா?"
"முப்பத்தொம்பது ரூவா" என்றார் நிமிராமல்.

நாற்பதை நீட்டினேன்.
ஒரு ரூபாய்க்குச் சில்லறை இல்லையாம்.
எனக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள்.
தள்ளி நின்று,
சில்லறை வந்ததும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.