தாழும் இறக்கையின் பக்கம்

மெல்ட்டன் தாண்டிப் பத்து கிலோமீட்டர்.
மைதானம் என்று சொல்ல ஒன்றுமில்லை:
வெட்டிய புல், கம்பத்தில் ஒரு காற்றுப்பை,
முள்வேலிக்கு அப்பால்
யாருடையதோ முந்நூறு ஆடுகள்.

செப்டம்பர். வடக்கத்திக் காற்று இன்னும் எழவில்லை.
நிமலன் பேட்டரியைச் சொருகுகிறான்.
மஞ்சள் விமானம் மூன்று முறை கீச்சிட்டு
விழித்துக்கொண்டதாகச் சொல்கிறது.

பன்னிரண்டு வயது.
என்னை அவன் எதுவும் சொல்லி அழைப்பதில்லை.
அப்பா என்ற சொல்லுக்குப் பெர்த்தில் ஆள் இருக்கிறார்,
மாதம் இருமுறை திரையில் வருவார், நல்ல மனிதர்.
மாமா என்றால் சுகிர்தாவின் தம்பி முகம் சுருங்கும்.
சித்தப்பா என்றால்
நான் அந்த நல்ல மனிதரின் தம்பியாக வேண்டும்.
மச்சினியின் ஓரகத்திக்கும் முறை வைத்திருக்கும் மொழி
என்னிடம் வந்ததும் கையை விரிக்கிறது.
"இங்க பாருங்கோ" என்பான்.
பார்ப்பேன்.

"இங்க பாருங்கோ,
எங்களை விட்டுப் போகேக்க இடது இடதுதான்.
எங்களைப் பாத்து வரேக்க எல்லாம் மாறிப்போகும்.
யோசிக்கக் கூடாது.
எந்த இறக்கை தாழுதோ
அந்தப் பக்கம் குச்சியைச் சாயுங்கோ."

எட்டு மாதமாகச் சொல்கிறான்.
எட்டு மாதமாக
என்னைப் பார்த்து வரும் எதையும்
எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு விழுந்தது அதனால் அல்ல.
சனி இரவு சர்வோ மாற்றியவன் நான்,
கம்பியைத் தலைகீழாய் மாட்டியவனும் நான்.
புறப்படுமுன் குச்சியை அசைத்து
இறக்கையின் மடிப்பைப் பார்க்க வேண்டும்.
பார்த்தேன் என்றேன்.
பார்க்கவில்லை.

எழுந்தது. வலப்புறம் சரிந்தது.
அவன் இடப்புறம் இழுத்தான்.
இன்னும் சரிந்தது. இன்னும் இழுத்தான்.
ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கின.

பொறுக்கப் போனவன்
முறிந்த இறக்கையைக் கையில் வைத்தபடி
குச்சியை ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.
இன்னொரு முறை.
பிறகு என்னைப் பார்த்தான்.
துவாலையில் சுற்றினான்.

வாசலில் சுகிர்தா, "என்னடா நடந்தது?"
"காத்து," என்றான்.
அன்றைக்குக் கொடியில் காய்ந்த சட்டை ஒன்றும்
அசையவில்லை.

புதன் இரவு. அடுப்பில் இட்லிச் சட்டி.
தட்டுகளை எடுத்துவிட்டு
நசுங்கிய மூக்கை ஆவியில் காட்டினோம்.
பதுங்கிய நுரை ஒவ்வொரு மணியாக உப்பி வந்தது.
இரவுப் பணிக்குக் கிளம்பியவள் எட்டிப் பார்த்து,
"இதுக்குச் சம்பல் அரைக்கவோ?"

இறக்கைக்குள் இரண்டு சாத்தேக் குச்சி செருகினோம்.
கோந்து பிடிக்கப் பத்து நிமிடம்.
அவன் ஒரு பாதி, நான் ஒரு பாதி,
மேசையின் இரு பக்கம்,
விட்டால் பிரிந்துவிடும் என்பதால்
எங்கும் எழுந்து போக முடியாத பத்து நிமிடம்.
நான் வாயைத் திறந்தேன்.
"ஆட்டாதேங்கோ," என்றான்.
கொஞ்சம் கழித்து, மேசையைப் பார்த்து:
"நானும் செக் பண்ணேல்லை."

இன்று அவனே ஏற்றினான்.
ஆடுகளுக்கு மேலே ஒரு வட்டம், இன்னொரு வட்டம்.
தூரத்தில் வைத்துத் திருப்பி
ரிமோட்டை என் கையில் திணித்தான்.

வருகிறது.
கடுகுப் பொட்டாக இருந்தது
மூக்கும் சக்கரமுமாய்
நேராக என்னை நோக்கி வருகிறது.
ஒரு பக்கம் தாழ்கிறது.
அது அதன் இடதா என் இடதா,
கேட்க நேரமில்லை.
தாழ்ந்த பக்கம் சாய்த்தேன்.

நிமிர்ந்தது.

இறக்கியது அவ்வளவு அழகில்லை.
இரண்டு துள்ளல், ஒரு குட்டிக்கரணம்,
வயிறு வானத்தைப் பார்க்கக் கிடந்தது.
வயிற்றில் கறுப்பு மையில், புதிதாக, ஒரு போன் நம்பர்.
தொலைந்தால் அழைப்பதற்கு.
என் நம்பர்.
மேலே பெயர் எழுதவில்லை.

கடைசி ஏழு, ஒன்று போல இருக்கிறது.
அவன் ஏழு எப்போதும் அப்படித்தான்.
யாராவது கண்டெடுத்தால்
வேறு யார் வீட்டிலோ மணி அடிக்கும்.

"இன்னொரு பேட்டரி இருக்கு," என்றான்.
காற்றுப்பை மெல்ல நிமிரத் தொடங்கியிருந்தது.