தவணை தவறியவரிடம்

டண்டீயில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
குளியலறைக் கண்ணாடி முன்
புதுக் கோட்டோடு நிற்கிறாள் இஷ்பெல்.
விலைச்சீட்டைப் பிய்க்கவில்லை,
கைக்குள் மடித்து விட்டிருக்கிறாள்.
வேலை கிடைக்காவிட்டால்
கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"உங்கள் பலவீனம்?"
"எதையும் கச்சிதமாகச் செய்தால்தான் எனக்கு..."
பொய். பற்பசை நுரையோடு துப்புகிறாள்.

"கூட்டு வட்டி என்றால்?"
அதற்கு மனப்பாடம் வேண்டாம்.
எழுநூறு பவுண்டு
இரண்டாயிரத்து நூறாக வளர்ந்தது
இந்த வீட்டில்தான்,
மகனைவிட வேகமாக.

கடைசிக் கேள்வியைத் தாளில் வட்டமிட்டிருக்கிறாள்:
தவணை தவறியவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

போன வருஷம் ஒருவன் கூப்பிட்டான்,
நாளை அவள் போகும் அதே வங்கியிலிருந்து.
அவள் அழுது முடிக்கும்வரை
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்கூட இல்லை.
பிறகு சொன்னான்:
"தண்ணி குடிச்சிட்டு வாங்க,
நான் லைன்லயே இருக்கேன்."
பெயர் கேட்க மறந்துவிட்டாள்.

அதைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்க்கிறாள்.
கொஞ்சம் வேகம்.
இன்னொரு தடவை.

கதவு தடதடக்கிறது.
"அம்மா, அவசரம்!" ஃபின்லே.

"லைன்லயே இருடா"
என்கிறாள்.