ஆயிரம் வருஷம்

மத்திய வீதியில் நஸ்வரின் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
ஒரு வட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார்.
"இது ஆயிரம் வருஷம் நிக்கும், மிஸ்."
உத்தரவாதம்?
"ஒரு வருஷம்."
இருவரும் சிரிக்கிறோம்.
வெளியே நிலாவெளி பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

என்னிடம் இருப்பது பதினொரு வருஷக் கடல்.
பங்குனியிலும் சித்திரையிலும்
மரியசீலனின் படகை நிறுத்தி, எஞ்சினை அணைத்து,
நீருக்குள் மைக்கைக் கயிற்றில் இறக்கிப் பிடித்தது.
நீலத் திமிங்கிலம் பேசுவதில் பாதி
மனிதக் காதுக்குக் கீழே போய்விடும்.
பத்து மடங்கு வேகமாக்கினால்
பக்கத்து அறையில் யாரோ
கட்டிலை இழுப்பதுபோல் கேட்கும்.
நான் காத்து வைத்திருப்பது
நேராக ஒருமுறையும் கேளாத ஒன்றை.

முதல் ஐந்து வருஷத்தை டிவிடியில் எரித்தேன்.
மூன்றாம் மாரிக்குள் பூஞ்சணம்
ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்தது,
நரம்பு நரம்பாய், அழகாகத்தான்.
பிறகு ஹார்ட் டிஸ்க்.
ஒருநாள் இரவு பல்லி மாதிரி
டிக், டிக் என்றது.
பல்லி சொன்னால் பலன் உண்டென்பார்கள்.
உண்டு.
2019 முழுதும் போனது.

பென் டிரைவை மறந்து வைத்தால்
அதுவும் நம்மை மறக்கும்.
உப்புக் காற்றோ செப்பு முனைகளில்
பச்சையாய்த் தன் கணக்கை எழுதுகிறது.

கோட்டை வாசற் கல்லில் இரண்டு மீன்.
எத்தனை நூறு வருஷமோ,
மின்சாரம் கேட்கவில்லை, மென்பொருள் கேட்கவில்லை.
ஆனால் இரண்டே மீன்.
என்னிடம் நாலு டெராபைட்.

கடைசியில் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன்,
ஒரே கம்பனி வேண்டாமென்று வேறு வேறாக.
நஸ்வரின் ஆயிரம் வருஷத்திலும் பத்து.
ஆசை யாரை விட்டது.
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச்
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கினேன்.

ஒன்று என் அலுமாரியில்.
மற்றது பண்டாரவளையில், சுலோஜனா வீட்டில்:
அங்கே கடல் ஏறி வராது.
"என்னடி இருக்கு இதுக்குள்ள?" என்றாள் போனில்.
"கடல். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா
கொம்பியூட்டரில போட்டுப் பார்.
திறபட்டாக் காணும், கேக்கத் தேவையில்ல."
"நான் இல்லாட்டி?"
லைனில் கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும்.

அந்தத் திகதிக்கு
நாட்காட்டி இன்னும் அச்சாகவில்லை.
அலுமாரிக் கதவின் உட்புறம்
பென்சிலால் எழுதினேன்:
மறுபடி நகல், 2029 தை.
அதன் கீழே, பெயருக்கென்று,
ஒரு கோடு இழுத்து விட்டேன்.