எட்டாம் இடம்

பகாவ் கிளினிக்கில் காலை ஏழுக்கே வரிசை:
செம்பனைக்கு மருந்தடிக்கும் பெண்கள்,
மூடி இறுகாத சிறுநீர்ப் புட்டிகளோடு.
தவமலரின் பெயர் வியர்வையில் அழிந்திருந்தது.
மறுபடி எழுதினேன்.

"இதுல என்னத்தப் பாப்பீங்க?"

குவானின் என்றோர் எழுத்து, அக்கா.
மருந்து உள்ளே போனால்
அதன் எட்டாம் இடத்தில்
ஆக்சிஜன் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.
பிறகு, சைட்டோசினை விட்டு
அடினினோடு கைகோக்கும்.
படியெடுத்துவிட்டால் பிழை நிலைத்துப்போகும்.
அதற்குள் உடம்பு கண்டுபிடித்து
வெட்டி வெளியே தள்ளப் பார்க்கும்.
தள்ளியதைத்தான் எண்ணுகிறோம்.

"நெறைய இருந்தா
கெட்டுப்போச்சுன்னா,
நல்லா வெட்டுதுன்னா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கையுறை தரப்பட்டதா என்பதற்கு இருந்தது.
"குடுத்தாங்க. ஒத்தக் கைக்கு."
எந்தக் கை என்று கேட்கவில்லை.
'ஆம்' என்று குறித்தேன்.