வகுப்பு

வெள்ளிக்கிழமை. விடாத மழை.
வலயக் கல்விப் பணிமனையின் படிவம்
மேசையை விட அகலம்.
தரம் எட்டு ‘சி’, மொத்தம் முப்பத்தொன்று.
தமிழர் பதினேழு, முஸ்லிம்கள் பன்னிரண்டு,
சிங்களவர் ஒன்று, மற்றவர் ஒன்று.
எல்லாருக்கும் நிரல் இருக்கிறது.
கதிரைகள்தான் இருபத்தாறு.

மற்றவர் என்பது டிலோன் ராகல்.
தகப்பன் உட்துறைமுகப் பக்கம்
படகுக்குப் பலகை அடிக்கிறவர்.
கணிதத்தில் எண்பத்தெட்டு,
ஆகவே மற்றவர்களின் சித்தி நூறு வீதம்.
சிங்களவரின் சித்தி பூச்சியம்.
ஷெவோன் பர்னாந்து, கச்சான் காற்றோடு வந்தவன்,
வாடைக்கு முன்னமே நீர்கொழும்புக்குப் போய்விட்டான்,
விடுகைப் பத்திரம் எடுக்காமல்.
“வீட்டில சிங்களம் மிஸ், செபம் மட்டும் தமிழ்,
என்னை எதில போடுவீங்க?” என்று
இடாப்பை எட்டிப் பார்த்தவன்.
ஒரு பிள்ளை லொறியேறிப் போனதை
ஓர் இனத்தின் அடைவுமட்டமாக,
இரண்டு தசம தானத்துக்குத் திருத்தமாக,
காட்டுகிறது கணினி.

பிரதி அதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“நாற்பதுக்குக் கீழ போனா
விசேட கண்காணிப்புப் பட்டியல், தெரியும்தானே.
வராத மூன்று பேரையும் விட்டிட்டு வகுங்கோ டீச்சர்.”

புள்ளிகளின் கூட்டுத்தொகை ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு.
இருபத்தெட்டால் வகுத்தால் நாற்பத்தொன்று,
மீதி இல்லை.
முப்பத்தொன்றால் வகுத்தால் முப்பத்தேழு,
மீதி ஒன்று.

ஹம்னாவும் வரவில்லை.
தம்பிக்கு டெங்கு, தாய் குவைத்தில்.
வாட்டில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்து
ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை எண்ணையும்
விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்.
எழுத்து வழமை போல மோசம்.
அவளுக்குப் பூச்சியம் போடுவதா, கோடு போடுவதா?
பூச்சியம் என்றால் ஒன்றும் தெரியாதவள்.
கோடு என்றால் ஆளே இல்லை.

லதுர்சனின் கதை வேறு.

பரீட்சையன்று மணி அடித்த பிறகு
தோய்த்த சேட்டோடு கேற் வரைக்கும் வந்தான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வருகிற மான்களில் ஒன்று
மதிலோரம் யாரோ எறிந்த வினாத்தாளை
மென்றுகொண்டிருந்தது.
அதைப் பார்த்தபடி நின்றான்.
அல்லது யன்னலில் என்னைப் பார்த்தான்.
நான் கூப்பிடவில்லை.
மான் போனது.
பிறகு அவனும்.

இரண்டாம் தவணையில் ஒன்பது எடுத்தவன்.
உள்ளே வந்து அதே ஒன்பதை எடுத்திருந்தால்
சராசரி எவ்வளவு வரும் என்று
இன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தேன்:
முப்பத்தொன்பது தசம் ஒன்பது.
அன்றைக்கு இந்த எண் எனக்குத் தெரியாது.
சத்தியமாகத் தெரியாது.
ஆனால் இருபத்திரண்டு வருடம்
கரும்பலகையில் வகுத்துக்கொண்டிருக்கிற கைக்குத் தெரியும்,
தராசு எந்தப் பக்கம் சரியும் என்று.
அந்தக் கைதான் அன்று
யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

‘வகுப்பு’ எதிலிருந்து பிறந்த சொல் என்று
தமிழ் படிப்பிக்கும் குலநாயகி
தேநீர் நேரத்தில் ஒருநாள் சொன்னா.
நான் அப்போது
எலிசபெத் டீச்சரின் புதுச் சாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தேழு என்று எழுதினேன்.
மீதிக்குப் படிவத்தில் இடமில்லை.
‘குறிப்பு’ என்று விரற்கடை அகலத்தில் ஒரு பெட்டி இருந்தது,
அதற்குள் பொடியெழுத்தில்:
ஒருவன் கேற் வரைக்கும் வந்தான்.

பிரதி அதிபர் ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தினார்,
ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

செவ்வாய்க்கிழமை பணிமனையிலிருந்து ஒரு பெண்குரல்.
“டீச்சர், குறிப்பில எழுத்து ஏறுதில்லை,
எண் மட்டும்தான் எடுக்கும். என்ன போட?”

அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது.
எட்டு ‘சி’ படியேறி வரும் சத்தம்.
யார் யார் என்று இங்கிருந்து தெரியவில்லை.

“ஒன்று” என்றேன்.
“ஒன்று என்று போடுங்கோ.”