நெடி

தனகோட்டிக்கு மோப்பம் போய் ஏழு மாதம்.
பாலாற்றுப் பாலத்து மணலில் ஸ்கூட்டர் சறுக்கி
பின்மண்டையில் நாலு தையல்.
பிறகு ஸ்கேன். பிறகு ஒரு சின்ன வயசு டாக்டர்
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியபடி
"மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நூல் அறுந்திருக்கு,
வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"நாளைக்கு டியூட்டிக்குப் போலாமா சார்?"

காட்பாடி ஸ்டேஷன், பார்சல் ஆபீஸ்.
எது மல்லிகைக் கூடை எது கருவாட்டு மூட்டை என்று
இப்போது சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.
"ஒரு வகையில நல்லதுதான்" என்கிறாள்.

எங்கள் வீட்டில் அடுப்பு என்னுடையது,
கல்யாணமான மறுவாரத்திலிருந்து.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை
எண்ணெய் பிரிய வதக்கி வைத்தேன்.
மென்றாள். "மெத்துனு கீது."
கறிக்குழம்புக்கு, "சூடா கீது."
ருசி கேட்டவனுக்கு
வானிலை அறிக்கை வாசித்தாள் ஏழு மாதமும்.

உப்பும் புளிப்பும் மட்டும் நாக்கில் மிச்சம்.
சரி, ஊறுகாய் என்று இறங்கினேன்.
மே மாத வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்?
மொட்டைமாடியில் எலுமிச்சை இரண்டு நாளில் சுருண்டது.
ஒன்றில் பச்சை மிளகுக் கொத்து,
ஒன்றில் மாங்காய் இஞ்சி,
ஒன்றில் குண்டூர் மிளகாயைக் கை கூசாமல் கொட்டி
நானே மறுநாள் அவஸ்தைப்பட்டேன்.
"எரியுது" என்றாள். அவ்வளவுதான்.
எரிச்சல் நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது,
மாடிப்படி ஏறவில்லை.

காந்தி ரோட்டில், பெங்காலி எழுத்துப் பலகை போட்ட கடையில்
கடுகெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.
மால்டாவிலிருந்து வந்தவர்,
கக்கத்தில் தம்பியின் எக்ஸ்ரே உறை.
என் கதையைக் கேட்டார்.
கடைக்காரப் பையன் பாதியை இந்தியில் சொன்னான்,
மீதியை என் கைகள் சொல்லின.
அவர் தன் புருவ நடுவில் விரலை வைத்து
மேல்நோக்கிச் சுண்டினார்: "ஜாஞ்ஜ்!"
அந்த வார்த்தைக்கு அர்த்தம் நான் கேட்கவில்லை.
பச்சைக் கடுகு, பச்சை மிளகாய், உப்பு, குளிர்ந்த தண்ணீர்,
வறுக்காதே, வறுக்காதே என்று
இரண்டு முறை தலையாட்டிவிட்டுப்
போய்விட்டார். தம்பிக்கு டோக்கன் நம்பர் வந்திருந்தது.

கூப்பிடு தூரத்தில் சித்தூர்.
ஆவக்காயில் பச்சைக் கடுகுப் பொடி போடுவார்கள் என்று
எனக்குத் தெரியாதா? தெரியும்.
தெரிந்தது எல்லாமா நேரத்துக்கு வருகிறது?
இத்தனை வருஷமும் கடுகை
எண்ணெயில் வெடிக்கவிட்டே கொன்றிருக்கிறேன்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
தயிர்சாதத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வைத்தேன்.
தொட்டாள். நக்கினாள்.
ஒன்றுமில்லை.
அப்புறம் தலை பின்னால் போனது.
ஒரு கை உச்சந்தலையில், ஒரு கை என் சட்டையில்.
கண்ணிரண்டும் குழாய். ஒரு தும்மல், இரண்டு, ஐந்து.
"அடப்பாவி! எனுக்கு மூக்கு கீதுய்யா!
மூக்கு இங்கதான்யா கீது!"
எதிர்வீட்டு மெஹருன்னிசா டார்ச்சோடு ஓடி வந்தார்,
அடிதடி என்று நினைத்து.

டாக்டர் சிரித்தார். பேனா மூடியை மாட்டினார்.
"இது மோப்ப நரம்பு இல்லீங்க.
வலி சொல்ற நரம்பு. அது வேற லைன்."
எனக்கு முகம் விழுந்துவிட்டது.
தனகோட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
"மெயின் லைன்ல வேலை நடந்தா
வண்டிய லூப்புல விட மாட்டாங்களா சார்?"

இப்போது நைட் டியூட்டிக்கு ஒரு சின்ன பாட்டில் போகிறது.
மூன்று மணி வண்டிக்கு முன்னால் ஒரு தொடல்,
ஒரு தும்மல். போர்ட்டர்கள் அதை வைத்து
மணி சரிபார்க்கிறார்களாம்.
அதன் கழுத்தில் ஆபீஸ் சீட்டு ஒன்று கட்டியிருக்கிறாள்,
தன் கட்டைக் கையெழுத்தில்:
அனுப்புமிடம் அடுப்பங்கரை.
சேருமிடம் மூக்கு.
வழி: கண்.
எடை என்ற கட்டத்தை மட்டும்
நிரப்பாமல் விட்டிருக்கிறாள்.