மூன்று விரல் இடைவெளி

முப்பத்துமூன்று அங்குல டயர்கள் நான்கு
வாசலில் வந்து படுத்துக் கிடந்தன,
கரையேறிய கடல்நாய்கள் மாதிரி.
ஓட்கேருக்கு அரை ஆட்டிறைச்சி கொடுத்து
ஸ்டெய்ன்வோர் வாங்கி வந்தவை.
பாதி தேய்ந்திருக்கிறதே என்றேன்.
மீதிப் பாதி இருக்கிறதே என்றாள்.

எங்கள் பஜேரோவுக்கு அவை பெரிசு.
ஃபியோர்டின் இரு கரையிலும் ஒரே பேச்சு:
வண்டியைத் தூக்கு,
ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வை,
இரண்டு அங்குலம் தாராளம்.
அவள் கராஜ் கதவைக் காட்டினாள்.
வண்டிக் கூரைக்கும் கதவின் நெற்றிக்கும் நடுவே
ஐந்து விரல் இடம்.
பெரிய டயர் தின்பது இரண்டு.
தூக்கினால் மீதி மூன்றும் போய்விடும்,
பிறகு நவம்பரிலிருந்து மே வரைக்கும்
வண்டி வெளியே, உப்புக்காற்றில்.

செருப்புக்காக யாராவது காலை வெட்டுவார்களா?
கேட்டேன்.
வெட்டுவோம் என்றவள்
கிரைண்டரைத் தேடப் போனாள்.

எங்கே இடிக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.
மகளின் கல்யாணத்துக்கு வாங்கி
ஒரே ஒருமுறை பூசிய உதட்டுச்சாயத்தை
டயரின் தோள்பட்டை முழுக்கத் தேய்த்தாள்.
ஸ்டியரிங்கை நான்
இடக்கோடிக்கு ஒடித்தேன், பிறகு வலக்கோடிக்கு.
டார்ச் அடித்துப் பார்த்தால்
பம்பரின் கீழ்மூலையில் ஒரு முத்தம்,
உள் பிளாஸ்டிக்கில் நீளமாய் இன்னொன்று,
கதவுக்கு முன்னால் தகடும் தகடும் சேரும் மடிப்பில்
ஆழமாக, வெட்கமே இல்லாமல்.
யாரோடு சுற்றினாய் என்று வண்டியைக் கேட்டேன்.
ஸ்டெய்ன்வோர் சிரிக்கவில்லை.
கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

பம்பர் மூலையை அறுத்தோம்.
பிளாஸ்டிக்கை அனலில் வாட்டி உள்ளே தள்ளி
ஆறும்வரை கையுறையால் அழுத்தியிருந்தோம்,
காய்ச்சல்காரன் நெற்றியைப் பிடிப்பதுபோல்.
தகட்டு மடிப்புக்குச் சுத்தியல்.
ஒவ்வோர் அடிக்கும்
எதிர்மலையும் ஓர் அடி அடித்தது.
பளபளத்த காயத்துக்கு அன்றைக்கே
கறுப்புச் சாயம், இரண்டு பூச்சு.
இந்தக் கடலோரத்தில் துருவுக்கு
ஒரு ராத்திரி போதும் குடிவர.

நின்ற இடத்தில் எதுவும் இடிக்கவில்லை.

மறுநாள் ஆற்றுப்படுகையில்
பின்னால் நான்கு மூட்டைத் தீவனத்தோடு
கல்லேறி இடப்பக்கம் வளைந்தபோது
றக் என்றது.
வளைவு முடியும்வரை றக், றக்.
நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.
விடு, வேண்டிய இடத்தை
அதுவே தேய்த்து எடுத்துக்கொள்ளும் என்றாள்,
முப்பத்தொரு வருஷமாக என்னோடு இருப்பவள்.

மீட்டர் இப்போது பொய் சொல்கிறது.
அது எண்பது என்றால் எண்பத்தாறு.
ஹோல்மாவிக் சாலையில் அபராதம் கட்டியது நான்.
ஏற்றத்தில் ஐந்தாம் கியர் மூச்சு வாங்குகிறது.
ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில்
பின்கதவில் தொங்குகிறது,
யாரும் சேர்த்துக்கொள்ளாத கடைசித் தம்பி.
ஆனால் முழங்கால் பனியில் இந்த டயர்கள்
நடப்பதை நீங்கள் பார்க்கவேண்டும்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி பதினொன்று,
கணவாய் மூடுமுன் தப்பி வந்து
கராஜைத் திறந்தோம். நுழையவில்லை.
கூரை போய்க் கதவின் நெற்றியில் முட்டியது.
வாசலில் மழை உறைந்து, உறைந்ததன்மேல் உறைந்து
நான்கு விரல் மேடாகியிருந்தது.
எங்கள் கணக்கில் அந்த விரல்கள் இல்லை.

கடப்பாரை எடுப்பாள் என்று நினைத்தேன்.
குந்தி உட்கார்ந்து, கையுறையைப் பல்லில் கவ்வி
வால்வு மூடியைத் திருகினாள்.
புஸ்ஸென்று இருட்டுக்குள் போனது காற்று.
நான்கும் ஒவ்வொன்றாய்த் தொந்தி சரிய
வண்டி கொஞ்சம் குனிந்தது,
உள்ளே போனது.
மேலே ஒரு தபால் உறை நுழையும் இடம்.

விளக்கை அணைக்கும்போது சொன்னாள்:
காலையில் வெளியே எடுத்தபிறகு காற்றடி.
மறந்து இங்கேயே அடித்துவிடாதே.